பழைய பூங்காவும் டைக் துரையும்

யாழ்ப்பாணத்தில் கண்டி வீதியால் சுண்டுக்குளிப் பக்கம் போய்வந்த எம் எல்லோருக்கும் பழைய பூங்காவின் பெருமரங்கள் தெரியும். அந்தச் சோலையை உருவாக்கியவரை அறிந்தோர் குறைவு.

பெர்சிவல் அக்லண்ட் டைக் 1829இல் யாழ்ப்பாணத்தில் பொறுப்பேற்றார். சிறு இடைவெளி தவிர, 1867இல் இறக்கும்வரை வடக்கை நிருவகித்தார். ‘வடக்கின் இராசா’ என்றே அவரைச் சொல்வார்கள். ஏறத்தாழ 27 ஏக்கர் நிலத்தில் தமக்கு வாசஸ்தலம் கட்டி, சுற்றிலும் மரங்கள் வளர்த்தார். வற்றாத ஆறில்லாத எமது குடாநாட்டில் பனைக்குக் கீழே நிழல் தேட முடியாது. மாரி மழை சில மாதங்களே. மற்றக் காலத்துக்குக் கிணற்று நீர்தான். அப்படிப்பட்ட மண்ணில் ஒரு சோலையை வளர்த்தெடுப்பது எளிதான காரியமன்று.

தமக்குப் பின்வரும் அரசாங்க அதிபர்கள் வசிக்கவென்று வீட்டையும் பூங்காவையும் டைக் உயில் எழுதி வைத்தார். ஊர் மக்களுக்கென்று எழுதவில்லை. அது அதிகாரத்தின் வளவாகவே நீண்ட காலம் இருந்தது.

அவருடைய இன்னொரு முயற்சியின் கதை வேறு. 1850இல் அவர் முன்னின்று தொடங்கிய வைத்தியசாலையை 1907இல் அரசாங்கம் பொறுப்பேற்றது. அதுவே இன்றைய யாழ். போதனா வைத்தியசாலை. எம்மில் எத்தனை பேர் அங்கே பிறந்தோம்! மருத்துவர்களாகிய எம்மிற் சிலர் தொழில் பழகியதும் அங்கேதான். ஆளுவோருக்கென்று விடப்பட்ட வீடு போரில் அழிந்து, கூரையற்ற சுவர்களாய் நிற்கின்றது. எல்லோருக்குமென்று திறந்த வைத்தியசாலை அதே போரில் அடிபட்டும் இன்றும் நோயாளரைப் பார்க்கின்றது.

எனினும் பூங்காவை நாம் குறைவாக மதிக்கலாகாது. சுண்ணாம்புக் கல்லின் மேலுள்ள எம் ஊரில், மழைநீர் மண்ணுக்குள் இறங்கினால்தான் கிணறு ஊறும். எமது கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று கூடியிருப்பதை மருத்துவர்களாய் நாம் அறிவோம். குழந்தைகளுக்கு அது கேடு. நகரின் நடுவே சீமெந்து மூடாத இத்தகைய நிலம் வேறு எவ்வளவு உண்டு? கட்டடம் எழுப்ப இடம் தேடும் ஒவ்வொருவரின் கண்ணும் முதலில் வெறும் நிலத்தின் மீதுதான் விழுகின்றது.

நூற்றாண்டு விழாவுக்காகக் கனடாவிலும் இலண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் இருந்து வரும் சகோதரிகளே, பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் பழைய பூங்காவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். இடிந்த சுவர்களையும் காட்டுங்கள். இவ்வளவு காலம் அதிபர்களுக்கென்றிருந்த நிழல் இனி ஊருக்கென்றாக வேண்டுமானால், அதை எங்களுடையதென்று கேட்க ஊரில் ஆட்கள் இருக்க வேண்டும்.