ஈத்0: ஒரு பெயர் தொலைந்த வரலாறு

தொலைவில் உள்ள ஒரு வழங்கிக் கணினி பல ஆண்டுகளாகக் குறையின்றி இயங்கி வருகிறது. அதன் லினக்ஸ் இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மேம்படுத்துகிறார்கள். பிழைச்செய்தி எதுவும் தோன்றவில்லை. கணினியை மறுபடி தொடக்கிய பின்னர் அதனோடு எவராலும் தொடர்புகொள்ள முடிவதில்லை. வலையமைப்பு அட்டை பழுதாகவில்லை, கம்பியும் அறுந்துபோகவில்லை. நேற்றுவரை ஈத்0 என்று அழைக்கப்பட்ட இடைமுகத்துக்கு இன்று வேறொரு பெயர் வந்திருக்கிறது. பழைய பெயருக்கென எழுதிவைத்த அமைப்புகள் யாவும் ஆளற்ற வீட்டுக்கு அனுப்பிய கடிதங்களாகிவிட்டன.

நான் கணினிப் பொறியியலாளன் அல்லன். ஆயினும் ஒரு பெயரை எதைக் கொண்டு உறுதிசெய்வது என்பது செய்தியாளனுக்கு நாளாந்தக் கேள்வி. ஒரே பெயரில் இருவர் இருந்தால் ஊரைக் கேட்போம், தகப்பன் பெயரைக் கேட்போம், தொழிலைக் கேட்போம். லினக்ஸை ஆக்கியவர்களும் இதே கேள்வியோடு முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மல்லுக்கட்டி வருகிறார்கள் என்பதை அறிந்தபோதுதான் இந்த விடயத்தில் எனக்கு ஆர்வம் பிறந்தது.

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸ் கருவை வெளியிட்டார். அதற்கான ஈதர்நெட் இயக்கிகள் பலவற்றை 1990களில் எழுதியவர் டொனால்ட் பெக்கர். பெர்க்லி வழிவந்த பீஎஸ்டி இயங்குதளங்களில் இடைமுகத்தின் பெயரைப் பார்த்தாலே அதனை இயக்கும் இயக்கி எதுவெனத் தெரியும். லினக்ஸ் அந்த வழியைப் பின்பற்றவில்லை. அட்டையைச் செய்தவர் எவராயினும் பெயர் ஒன்றே: ஈதர்நெட் என்ற சொல்லின் முதல் மூன்று ஆங்கில எழுத்துகள், அவற்றின் பின்னே ஓர் எண். முதலில் கண்டறியப்பட்டது ஈத்0, அடுத்தது ஈத்1. பிள்ளைகளை மூத்தவன், இளையவன் என்று அழைப்பது போன்ற எளிமை அது. ஓர் அட்டை மட்டும் உள்ள கணினிக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

இரண்டு அட்டைகள் வந்தபோது சிக்கலும் வந்தது. 2003 டிசெம்பரில் வெளிவந்த 2.6 கரு, பிசிஐ சாதனங்களைத் தேடும் ஒழுங்கில் முந்தைய 2.4 கருவிலிருந்து வேறுபட்டிருந்தது. இதனால் சில வழங்கிகளில் மேம்படுத்தலின் பின்னர் ஈத்0வும் ஈத்1உம் இடம்மாறிக்கொண்டன. பழைய ஒழுங்கில் தேடச் சொல்லும் தெரிவொன்றைக் கருவில் தனியாகச் சேர்க்க வேண்டியதாயிற்று. இயக்கிகள் ஒரே வேளையில் ஏற்றப்படத் தொடங்கியதும் எது முந்தும் என்பதற்கே உறுதியில்லாமற் போனது.

இதனை வெறும் அசௌகரியம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஓர் இடைமுகம் இணையத்தையும் மற்றது அலுவலகத்தின் உள்வலையையும் நோக்கியிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். தீயரண் விதிகள் பெயரைக் கொண்டே எழுதப்படுகின்றன. பெயர்கள் மாறிவிட்டால் காவற்காரன் கொல்லைப்புறத்தில் நிற்க, முன்வாசல் திறந்து கிடக்கும்.

முதல் பரிகாரம் அங்க அடையாளத்தை நம்பியது. ஒவ்வோர் அட்டைக்கும் 48 பிட் நீளமுள்ள மாக் முகவரி ஒன்று உண்டு. கிரெக் குரோவா-ஹார்ட்மன் 2003இல் அறிமுகப்படுத்திய யூடெவ் என்னும் மென்பொருளின் துணையோடு, இந்த மாக் முகவரிக்கு இந்தப் பெயர் என்று ஒரு கோப்பில் தானாகவே பதிந்துவைக்கும் முறை பரவியது. அட்டை பழுதாகிப் புதியது பொருத்தப்படும்வரை எல்லாம் சரியாகவே நடந்தது. புதிய அட்டையைக் கண்டதும், ஈத்0 ஏற்கெனவே ஒருவருக்கு உரியது என்று சொல்லி அதற்கு ஈத்1 என்று பெயரிட்டது அந்த முறை. மெய்நிகர் கணினிகளைப் படியெடுக்கும் காலம் வந்தபோது ஒவ்வொரு படியிலும் இதே தொல்லை நேர்ந்தது.

அடுத்த பரிகாரம் முகவரியை நம்பியது. டெல் நிறுவனத்தின் பொறியியலாளர்கள் உருவாக்கிய பயோஸ்டெவ்நேம் 2011இல் பெடோரா 15இல் இடம்பெற்றது. 2013 ஜனவரியில் சிஸ்டம்டியின் 197ஆம் பதிப்பு, முன்னுணரத்தக்க பெயர்கள் என்ற முறையைக் கொண்டுவந்தது. இதன்படி ஈஎன்பி3எஸ்0 என்றால் ஈதர்நெட், பிசிஐ பாட்டை 3, செருகுவாய் 0 என்று பொருள். தாய்ப்பலகையிலேயே அமைந்தவற்றுக்கு ஈஎன்ஓ1 போன்ற பெயர்கள் வந்தன. ரெட் ஹட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7 (2014), உபுண்டு 15.10 (2015), டெபியன் 9 (2017) என வரிசையாக எல்லோரும் இதற்கு மாறினார்கள். டெபியனில் பழைய பெயர்களைக் காத்துவந்த கோப்புக்கு 2019இல் வெளியான 10ஆம் பதிப்பிலிருந்து அதிகாரபூர்வ ஆதரவு இல்லை.

ஆனால் முகவரியும் மாறக்கூடியது. சில ஆண்டுகளுக்கு முன்னர் எனக்குத் தெரிந்த அச்சகமொன்றில் இயங்குதளத்தை மேம்படுத்தியபோதே புதிய என்விஎம்இ சேமிப்பகம் ஒன்றையும் பொருத்தினார்கள். அன்றிரவு பக்கங்கள் அச்சுக்கூடத்துக்குப் போய்ச் சேரவில்லை. மூன்று மணிநேரம் புதிய பதிப்பைக் குற்றஞ்சாட்டிக்கொண்டிருந்தார்கள். இறுதியில் ஓர் இளைஞர் கண்டுபிடித்தார்: சேமிப்பகம் நடுவே ஒரு பாட்டை எண்ணை எடுத்துக்கொண்டதால் ஈஎன்பி3எஸ்0 என்பது ஈஎன்பி4எஸ்0 ஆகியிருந்தது. அன்றைய பத்திரிகை ஊர்களுக்குப் பிந்தியே போய்ச்சேர்ந்தது.

வன்பொருளைத் தொடாவிட்டாலும் பெயர் மாறலாம். பெயர்சூட்டும் விதிகளையே சிஸ்டம்டி அவ்வப்போது திருத்துகிறது. ஆகவே குறிப்பிட்ட பதிப்பின் விதிகளையே பின்பற்றுமாறு சொல்லும் வசதியை 2018 டிசெம்பரில் வெளியான 240ஆம் பதிப்பு தந்தது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இன் வெளியீட்டுக் குறிப்புகளும் இடைமுகப் பெயர்கள் மாறக்கூடும் என்று எச்சரிக்கின்றன.

இந்தச் சிக்கலில் அகப்பட்டவர் செய்யவேண்டியது அதிகமில்லை. கணினியின் முன் நேரடியாக அமர்ந்து, ஐபி லிங்க் என்ற ஆணையால் இப்போதைய பெயர்களைப் பார்க்க வேண்டும். கருவின் பதிவேட்டில் ஈத்0 எந்தப் பெயருக்கு மாற்றப்பட்டது என்ற வரி இருக்கும். அதனை வலையமைப்பு அமைப்புக்கோப்பில் உள்ள பெயரோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். தீயரண் விதிகளையும் மறவாமல் திருத்த வேண்டும்.

நிலையான வழி வேறொன்று உண்டு. சிஸ்டம்டியின் லிங்க் கோப்பொன்றில் மாக் முகவரியைக் குறித்து, உள்வலை, வெளிவலை என்று பொருள்தரும் பெயரை 15 ஆங்கில எழுத்துகளுக்குள் நாமே சூட்டிவிடலாம். ஈத்0 என்றே மறுபடி பெயரிடுவது நல்லதன்று. கரு தானாக வழங்கும் பெயரோடு அது மோதக்கூடும். அட்டையை மாற்றினால் அந்தக் கோப்பில் ஒரு வரியை மாற்றினால் போதும். இதனை மேம்படுத்தலுக்கு முன்னரே செய்துவைப்பது, தொலைவிலுள்ள வழங்கியைப் பராமரிப்போருக்கு இன்றியமையாதது.

நான்கு அட்டைகள் உள்ள வழங்கிகளின் நலனுக்காக ஓர் அட்டை மட்டும் உள்ள கோடிக்கணக்கானோர் எளிய பெயரை ஏன் இழக்க வேண்டும் என்ற மனக்குறை இன்றும் பலரிடம் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. எனினும் வந்த வரிசை, அங்க அடையாளம், இருப்பிடம் ஆகிய மூன்றையும் நம்பிப் பார்த்தாயிற்று. எது மாறினாலும் பெயரும் கூடவே மாறியது. அந்த இடைமுகம் எந்தப் பணிக்கு என்பதை உரியவர் மட்டுமே அறிவார். பெயரிடும் பொறுப்பை அவரே ஏற்றுக்கொள்வதுதான் முறை.