அரிக்கா: மலைக்கு ஒரு துறைமுகம்

சிலியின் வடகோடியில், அட்டகாமா பாலைவனம் கடலைத் தொடும் இடத்தில் இருக்கிறது அரிக்கா. வருடம் முழுக்க வெயில்தான். மழை சராசரியாக 1 மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனாலும் ஸ்பானியர் காலத்தில் பொத்தோசி மலையின் வெள்ளி இங்கேதான் இறங்கிக் கப்பலேறியது.

1880 ஜூன் 7 அன்று ஊரை ஒட்டிய மோரோ குன்றைச் சிலிப் படை பிடித்தது. அதுவரை அரிக்கா பெருவுடையது. அதே போரில் பொலிவியா தன் கடற்கரை முழுவதையும் இழந்தது. 1904 ஒப்பந்தப்படி சிலி ஈடாகக் கொடுத்தவற்றில் முக்கியமானது ஒரு ரயில் பாதை. அரிக்காவிலிருந்து 4,000 மீட்டருக்கு மேல் ஏறி லா பாஸ் வரை செல்லும் அந்தப் பாதை 1913-ல் திறக்கப்பட்டது. கடலைக் கொடுத்து ரயிலை வாங்குவது என்ன வியாபாரமோ!

கடல்வழி பற்றிப் பேச்சு நடத்தச் சிலிக்குக் கடமை இல்லை என்று 2018-ல் சர்வதேச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பொலிவியச் சரக்கு லாரிகள் இன்றும் மலையிலிருந்து அரிக்காவுக்கு இறங்குகின்றன.