கல்கத்தாவின் யூத வீடுகள்: வெள்ளி இரவும் பெருநாட்களும்



கொஞ்சம் நீண்ட பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள். தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுக் கமெண்ட் போடவேண்டாம் என்பதுதான் ஒரே வேண்டுகோள்.

வரலாறு கற்பிக்கும் எங்களுக்கு ஒரு விடயம் நீண்ட நாளாகவே உறுத்துகிறது. நமது பிள்ளைகளின் வாயில் ‘யூதன்’ என்ற சொல் ஒரு வசையாகத்தான் வருகிறது. விளையாட்டில் கள்ளம் செய்பவன் யூதன். காசைப் பிடித்து வைத்திருப்பவன் யூதன். ஏன் இப்படி வருகிறது என்று தெரியாமல் இல்லை. காஸாவின் படங்களைப் பார்த்துத் தூங்காமல் கிடந்த இரவுகள் எல்லோருக்கும் உண்டு. அந்தக் கோபத்தில் நாங்களும் பங்காளிகள்தான். ஆனால் ஓர் அரசு செய்வதற்கும் ஒரு சமூகத்தின் பெயருக்கும் நடுவில் கோடு போடத் தெரியாவிட்டால் என்ன நடக்கும் என்பது 2019 ஏப்ரலுக்குப் பிறகு இந்த நாட்டில் வாழ்ந்த நமக்குத் தெரியும். கடைக்குள் வரத் தயங்கிய பழைய வாடிக்கையாளரின் முகத்தை நாம் இன்னும் மறக்கவில்லை.

ஆகவே ஒரு யூத வீட்டுக்குள் போய்ப் பார்ப்போம். ஐரோப்பாவில் அல்ல, நமக்குப் பக்கத்தில், கல்கத்தாவில்.

1798இல் ஷாலோம் கோஹன் என்ற வணிகர் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தார். சொந்த ஊர் சிரியாவின் அலெப்போ, நமது நூல்களில் வரும் ஹலப். அவருக்குப் பின்னால் பக்தாதிலிருந்தும் பஸராவிலிருந்தும் குடும்பங்கள் வந்தன. எல்லோரையும் சேர்த்து ‘பக்தாதி யூதர்கள்’ என்றே அழைத்தார்கள். வீட்டில் பேசியது அரபு. எழுதியதும் அரபுதான், ஆனால் ஹீப்ரு எழுத்தில். அரபுத் தமிழில் எழுதிய கிதாபுகளை உம்மம்மாவின் அலுமாரியில் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். நாம் தமிழை அரபு எழுத்தில் எழுதினோம், அவர்கள் அரபை ஹீப்ரு எழுத்தில் எழுதினார்கள். அந்த மொழியில் கல்கத்தாவிலேயே பத்திரிகைகள் அச்சானதும் உண்டு. பிறகு பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்கூடம் போகப்போக அரபு மெல்லத் தேய்ந்து, சமையலறையில் மட்டும் மிஞ்சியது.

எஸ்ரா போன்ற குடும்பங்கள் அவுரியிலும் அபினிலும் பெரும் செல்வம் சேர்த்தன. அபின் என்பதை மறைத்து எழுதமுடியாது. அந்தச் சரக்கு சீனாவுக்குப் போனது, அந்த வியாபாரத்தில் பல சமூகத்தாரும் கலந்திருந்தார்கள். அந்தக் காசில் கட்டடங்கள் எழுந்தன. 1884இல் எலியாஸ் டேவிட் எஸ்ரா தன் தகப்பனாரின் நினைவாக மாகன் டேவிட் என்ற தொழுகையிடத்தைக் கட்டினார். செங்கல் நிறம், உயரமான கோபுரம், அதில் மணிக்கூடு. தெரியாதவர்கள் சேர்ச் என்றே நினைப்பார்கள். அங்கிருந்து கொஞ்சத் தூரம் நடந்தால் ஆர்மீனியர்களின் தேவாலயம். இன்னும் கொஞ்சம் நடந்தால் கச்சி மேமன் வணிகர்கள் கட்டிய நாகூதா மஸ்ஜித். மேமன் என்ற பெயர் கொழும்பு வாசிகளுக்குப் புதிதல்ல.

எஸ்ராக்கள் சிலர்தான். மற்றவர்கள் கிளார்க்குகள், கடைக்காரர்கள், ஆசிரியைகள், வாடகை வீட்டுக்காரர்கள், சமூக நிதியில் சீவித்தவர்கள். அந்த உதவிக்கு அவர்கள் சொல்லும் பெயர் ‘ஸதாகா’. நமது ஸதகாவுக்கு இதைவிடக் கிட்டிய உறவுச்சொல் வேறு இல்லை.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

நம்மைப் போலவே அவர்களுக்கும் நாள் மஃரிபோடு தொடங்கும். வெள்ளி சூரியன் மறைந்தால் சனிக்கிழமை பிறந்துவிட்டது. குர்ஆன் ‘ஸப்த்’ என்று சொல்லும் அந்த ஓய்வு நாள். நெருப்பு மூட்டக்கூடாது, சமைக்கக்கூடாது, கொடுக்கல் வாங்கல் கூடாது. ஆகவே வெள்ளி பின்னேரத்துக்குள் எல்லாம் முடியவேண்டும். கண்ணாடிக் குவளைகளில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டு விளக்கேற்றுவார்கள். உலர்ந்த திராட்சையை ஊறவைத்து எடுத்த சாறை வைத்து ஓதுவார்கள். பிறகு சாப்பாடு.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம், மன்னிக்கவும். கல்கத்தா யூத வீட்டு வெள்ளி இரவின் ராஜா ‘ஆலு மகல்லா’. ஆலு என்பது இந்திய மொழிகளின் உருளைக்கிழங்கு. மகல்லா என்பது பொரித்தது என்ற பொருளுள்ள அரபு மூலத்திலிருந்து வந்தது. ஒரு சட்டிக்குள் இரண்டு மொழி. முழுக்கிழங்கைத் தோல் சீவி, மஞ்சளும் உப்பும் போட்டு அரை அவியல் அவித்து, கிழங்கு மூழ்கும் அளவு எண்ணெயில் மெல்லிய நெருப்பில் நீண்ட நேரம் விட்டுவிடுவார்கள். மேல்தோல் ஓடு மாதிரி இறுகும், உள்ளே வெண்ணெய் மாதிரி இருக்கும். முள்ளுக்கரண்டியால் குத்தினால் கோப்பையை விட்டுத் துள்ளிப் போகுமாம். பக்கத்தில் ‘ஹில்பே’, அதாவது ஊறவைத்த வெந்தயத்தைக் கொத்தமல்லி, இஞ்சி, பச்சைமிளகாயோடு அரைத்துப் புளிப்புச் சேர்த்த சம்பல்.

சனிக்கிழமை பகலுக்கு ‘ஹமீன்’. சோறும் கோழியும் மசாலாவும் ஒரே சட்டியில் அடைத்து, வெள்ளியன்றே தணலில் வைத்து மூடிவிட்டால் விடியவிடிய அது தானாக வேகும். நெருப்பு மூட்டத் தடை. மூட்டிய நெருப்பில் ஏற்கெனவே வைத்தது வேகத் தடையில்லை.

இறைச்சியையும் பாலையும் ஒன்றாகச் சாப்பிடுவது அவர்களுக்கு ஹராம். வட இந்தியச் சமையலில் தயிரும் நெய்யும் இல்லாமல் இறைச்சிக் கறி எப்படி வைப்பது? பதில் நமது குசினியிலேயே இருக்கிறது: தேங்காய்ப்பால். அது பெயரில் மட்டும்தான் பால். பக்தாதில் பேரீச்சம் பாணியோடு வாழ்ந்தவர்கள் வங்காளத்தில் தேங்காய்ப்பால் பிழியப் பழகிக்கொண்டார்கள். இறாலும் நண்டும் அவர்களுக்குக் கூடாது. செதிளும் செட்டையும் உள்ள மீன்தான் ஆகும். இறால் கொட்டிக் கிடக்கும் வங்காளத்தில் ஒன்றரை நூற்றாண்டு இறால் தொடாமல் இருப்பது லேசுப்பட்ட காரியமல்ல!

இந்தச் சமையலையெல்லாம் செய்தது யார்? பல வீடுகளில் முஸ்லிம் சமையல்காரர்கள். பன்றியும் இரத்தமும் அடுப்படிக்குள் வராது என்று இரு தரப்புக்கும் தெரியும். அறுப்பு முறைகூடப் புதிதாக விளக்கவேண்டியதில்லை. வீட்டுக்காரி சொன்ன அரபுப் பெயர்களைச் சமையல்காரர் தன் நாக்குக்கு ஏற்ப மாற்றிச் சொல்ல, ஈராக் சாப்பாடு மெல்ல வங்காளச் சாப்பாடானது. இந்த மாற்றத்தில் அந்தச் சமையல்காரர்களின் கை பெரியது என்பது எங்கள் எண்ணம். அவர்களுடைய பெயர்களைத்தான் யாரும் எழுதி வைக்கவில்லை.

பெருநாட்களுக்கு வருவோம். அவர்களுடைய கணக்கும் பிறைக்கணக்குதான். ஆனால் 19 வருடத்தில் 7 தடவை ஒரு மாதத்தைக் கூட்டிக்கொள்வார்கள். அதனால் நமது நோன்பு எல்லாக் காலநிலையிலும் சுற்றி வரும், அவர்களுடைய பெருநாட்கள் பருவம் மாறாது. முஹர்ரம் மாதம் ஆஷுரா நோன்பு பிடிக்கும்போது நாம் சொல்லிக்கொடுக்கும் ஹதீஸை நினைத்துப் பாருங்கள். மதீனாவுக்கு வந்த நபி (ஸல்) அவர்கள், மூஸா (அலை) காப்பாற்றப்பட்ட நாள் என்று யூதர்கள் நோன்பு நோற்பதைக் கண்டு, மூஸாவுக்கு நாமே அதிகம் உரியவர்கள் என்று நோன்பு நோற்றார்கள். அந்த விடுதலையைத்தான் யூதர்கள் பெஸாஹ் பெருநாளில் நினைக்கிறார்கள். எட்டு நாள் புளிக்கவைத்த மா வீட்டில் இருக்கக்கூடாது, புளிக்காத ரொட்டிதான். அரிசியையும் சில யூதர்கள் அப்போது தவிர்ப்பார்கள், பக்தாதிகள் தவிர்ப்பதில்லை. ஆனால் பெண்கள் கூடியிருந்து அரிசியை ஒவ்வொரு மணியாகப் பொறுக்குவார்கள், ஒரு கோதுமைகூடக் கலந்திருக்கக்கூடாது என்று. அந்த இரவில் ஈராக்கிய யூத வீடுகளில் ஒரு சின்ன நாடகமும் உண்டு. ஒரு பிள்ளை ரொட்டியைத் துணியில் முடிந்து தோளில் போட்டுக்கொள்ளும். எங்கிருந்து வருகிறாய் என்று கேட்பார்கள், மிஸ்ரிலிருந்து என்று சொல்லும். நாங்கள் வகுப்பில் நாடகம் போட்டுப் பாடம் நடத்துவதை யாராவது குறை சொன்னால் இதைத்தான் காட்டவேண்டும்.

வீட்டு விசேடங்களிலும் எத்தனை ஒற்றுமை! ஆண்பிள்ளைக்கு எட்டாம் நாள் கத்னா. திருமண ஒப்பந்தத்தில் கணவன் மனைவிக்குத் தரவேண்டிய தொகை எழுதப்படும். கல்யாணத்துக்கு முன் மருதாணி இரவு, அதன் பெயர் ‘கத்பா’. பெண்ணின் விரல்களில் மருதாணி பூசி, பாட்டுப் பாடி, இனிப்புப் பகிர்வார்கள். மௌத்தானால் விரைவில் அடக்கம், வெள்ளைக் கபன், ஏழு நாள் துக்கம். (கத்தம் ஓதலாமா என்ற சண்டையை இங்கே தொடங்கவேண்டாம்!) அவர்களுடைய மையவாடி நார்கேல்டாங்காவில் இருக்கிறது. நார்கேல் என்றால் வங்காளத்தில் தேங்காய். அந்தக் காணியைத் தந்த வங்காள முஸ்லிம் காசு வாங்க மறுத்தார் என்றும், ஷாலோம் கோஹன் தன் விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார் என்றும் அந்தச் சமூகத்தில் ஒரு கதை வழங்குகிறது.

ஐயாயிரத்தைத் தொட்ட சமூகம் அது. 1942இல் பர்மாவிலிருந்து ஓடி வந்தவர்களும் சேர்ந்த காலம். அதன் பிறகு ஏன் கரைந்தது? 1946 ஓகஸ்ட் கலவரத்தில் கல்கத்தாவின் தெருக்களில் பிணங்கள் கிடந்தன. கொன்றவர்களும் இறந்தவர்களும் இந்துக்களும் முஸ்லிம்களும். யூதர்களை யாரும் தேடிப் போகவில்லை, ஆனாலும் பயம் வந்துவிட்டது. அடுத்த வருடம் பிரிவினை. வெள்ளைக்காரன் போனபின் வியாபாரமும் சுருங்கியது. இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, அமெரிக்கா, இஸ்ரேல் என்று போனார்கள். யாரும் துரத்தியதால் அல்ல.

பக்தாதில் நடந்தது வேறு. அதைச் சொல்லாமல் விட்டால் நாங்கள் ஆசிரியர்கள் அல்ல. 1941 ஜூனில் இரண்டு நாள் நடந்த ‘ஃபர்ஹூத்’ கலவரத்தில் அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அதே இரவுகளில் பல முஸ்லிம் வீடுகள் யூத அயலவரை ஒளித்து வைத்தன. 1950, 51இல் ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் ஈராக்கை விட்டுப் போனார்கள். அதற்குச் சற்று முன் 1948இல் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட பலஸ்தீனியர்கள் வீட்டுச் சாவியோடு அகதிகளானார்கள். ஒன்றைச் சொன்னால் மற்றது அழியும் என்று நாம் நினைப்பதில்லை. இரண்டும் பாடத்தில் வரவேண்டும்.

கல்கத்தாவில் இன்று யூதர்கள் ஏறத்தாழ இருபது பேர், பெரும்பாலும் முதியவர்கள். கூட்டுத் தொழுகைக்குப் பத்து ஆண்கள் வேண்டும், அது கூடுவதில்லை. நியூ மார்க்கெட்டில் நஹூம் பேக்கரி இருக்கிறது. 1902இல் தொடங்கிய வியாபாரம், 1916 முதல் அந்தக் கடையில். கிறிஸ்மஸ் நாட்களில் யூதர் கடை கேக்குக்கு இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். 1881இல் தொடங்கிய யூதப் பெண்கள் பள்ளிக்கூடமும் நடக்கிறது. மாணவிகளில் பெரும்பாலோர் முஸ்லிம் பிள்ளைகள். சீருடையில் ஆறு முனை நட்சத்திரம். அந்த நட்சத்திரத்தைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய், ஜும்ஆ நாளில் வீட்டுக்கு வந்து யாசீன் ஓதும் பிள்ளைகள்.

மாகன் டேவிட்டைப் பார்ப்பவர்களும் முஸ்லிம்கள்தான். ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்கள், தகப்பனுக்குப் பின் மகன் என்று தலைமுறையாக. வாங்குகளைத் துடைப்பார்கள், விளக்குகளைப் பார்ப்பார்கள், வருபவர்களிடம் தலையை மூடச் சொல்லித் தொப்பி கொடுப்பார்கள். தொழுகை நேரம் வந்தால் பக்கத்திலேயே தொழுதுகொள்வார்கள்.