சட்டாம்பிள்ளையும் தோழனும்

கல்வி வரலாறு எழுதுவோர் பள்ளிகளை நிறுவிய பெரியோரையும் ஆசிரியப் பெருமக்களையும் போற்றுவர். அது முறையே. ஆயினும் மூத்த மாணவர் இளைய மாணவர்க்கு ஆற்றிய பணி அவ்வரலாற்றில் ஓரிரு வரிகளோடு நின்றுவிடுகிறது. நம் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில் அப்பணியை நினைவுகூர விழைகிறோம். எழுத்தறிந்த பெற்றோர் இல்லாத வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு, தனக்கு முன் அவ்வழியே நடந்த மாணவனே முதல் வழிகாட்டி ஆகிறான்.

பழைய திண்ணைப் பள்ளியில் ஆசிரியர் ஒருவரே இருப்பார். பிள்ளைகளோ பல நிலையினர். ஆகவே மூத்த மாணவன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக அமர்த்தப்பட்டான். அவன் பாடத்தைச் சொல்ல, மற்றையோர் திருப்பிச் சொல்வர். இளையோரின் விரல் பிடித்து மணலில் எழுதப் பழக்குவதும் அவன் பணியாயிற்று.

1789-இல் சென்னை எழும்பூரில் ஐரோப்பியப் படைவீரரின் ஆதரவற்ற மகன்களுக்கென அமைந்த இல்லத்திற்கு ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் பொறுப்பேற்றார். நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு, அம்முறையைத் தம் பள்ளியிலும் புகுத்த விரும்பினார். உதவி ஆசிரியர்கள் அதற்கு இசைந்து வரவில்லை. எனவே, ஏறத்தாழ எட்டு வயதே நிரம்பிய ஜான் பிரிஸ்கன் என்னும் மாணவனிடம் சிறுவர் வகுப்பை ஒப்படைத்தார். அவன் அதனைச் செவ்வனே நடத்திக் காட்டினான். இவ்வனுபவத்தை 1797-இல் பெல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அது ‘சென்னை முறை’ எனப் பெயர் பெற்று, இங்கிலாந்தில் பல பள்ளிகளில் பரவியது.

உலகம் சென்னையிடம் இதனைக் கற்ற காலத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குத் திண்ணைகளில் பெரும்பாலும் இடமில்லை. ஆல்காட் 1894-இல் சென்னையில் இலவசப் பள்ளி தொடங்கியதும், சுவாமி சகஜானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியை நிறுவியதும் அக்குறையைப் போக்க எழுந்த முயற்சிகளே. அத்தகைய பள்ளிகளில் முதலில் சேர்ந்தோர்க்குக் கைகொடுக்கத் தம் வீட்டிலோ தெருவிலோ மூத்த மாணவர் அரியர். பின்வந்தோர்க்கு அவர்களே மூத்தோர் ஆயினர்.

எனினும் சட்டாம்பிள்ளை முறையை அப்படியே மீட்க நாம் விரும்பவில்லை. அவன் கையில் பிரம்பும் இருந்தது. கண்காணித்துக் காட்டிக் கொடுப்பவனிடம் இளையோர் மனம் திறப்பதில்லை. இங்கிலாந்திலும் வெறும் மனப்பாடமே மிஞ்சுகிறது என்னும் குறை எழுந்தது. 1846-இல் அங்குப் பயிற்சி மாணவ ஆசிரியர் முறை புகுந்தபின் பழைய முறை தேய்ந்தது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வெண்ணம் புதிய வடிவில் திரும்பி வந்தது. எழுபதுகளின் இறுதியில் அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர், உயர்நிலைப் பள்ளி மாணவரைப் பயிற்றுவித்து ஏழாம் வகுப்பினரிடம் அனுப்பினர். புகையும் மதுவும் கேடு என்று சொல்வதோடு அம்மாணவர் நிற்கவில்லை. நண்பன் சிகரெட்டை நீட்டும்போது எவ்வாறு மறுப்பது என்பதை நடித்துக் காட்டிப் பழக்கினர். அவ்வாறு பயின்றோரிடையே புகைக்கத் தொடங்கியோர் குறைந்தனர் என 1980-இல் வெளியான ஆய்வு கூறிற்று.

நம் நாட்டிலும் இதற்குச் சான்றுண்டு. தில்லியிலும் சென்னையிலும் 32 பள்ளிகளில் 2004 முதல் 2006 வரை ‘மைத்ரி’ என்னும் திட்டம் ஆராயப்பட்டது. உடன் பயிலும் மாணவத் தலைவர்கள் வகுப்புச் செயல்பாடுகளை நடத்தினர். திட்டம் நடந்த பள்ளிகளில் புகையிலைப் பழக்கம் 17 விழுக்காடு குறைந்தது. நடவாத பள்ளிகளில் 68 விழுக்காடு கூடிற்று. 2014-இல் நடுவண் அரசு தொடங்கிய வளரிளம் பருவத்தினர் நலத்திட்டமும், 15 முதல் 19 வயது வரையுள்ளோரைத் தோழமைக் கல்வியாளராகப் பயிற்றுவிக்கிறது. ஊட்டச்சத்து, மனநலம், போதைப்பொருள் தவிர்த்தல் முதலியன அதில் அடங்கும்.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? இளையவனிடம் முதல் பீடியை நீட்டுவது பெரும்பாலும் அவனினும் சற்றே மூத்த தோழனின் கையே. அக்கை வீணே கிடப்பதில்லை. நல்வழிக்கு நாம் பழக்காவிடில் வேறொரு வழிக்கு அது இழுத்துச் செல்லும். கூலி வாங்கும் நாளிலேயே அதில் பாதியைச் சாராயக் கடைக்கு இழந்த குடும்பங்கள் நம் தெருக்களில் எத்தனை என்பதை நாம் அறிவோம். நம் இல்லங்களில் ஒரு பிள்ளை போதையால் படிப்பை விடுமாயின், அக்குடும்பத்தின் முதல் பட்டதாரியையே இழக்கிறோம்.

ஆதலின் நம் விடுதிகளிலும் மாலை வகுப்புகளிலும் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயிலும் மாணவ மாணவியரைத் தேர்ந்து பயிற்றுவிப்போம். அண்ணன்மாரும் அக்காமாரும் போல் அவர்கள் இளையோரோடு அமரட்டும். வேவு பார்த்தல் அவர்தம் பணி ஆகாது. தம்மால் தீர்க்கவியலாத துயரை ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ கொண்டு செல்லவும் அவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். பிறர்க்குச் சொல்ல முற்படுவோன் தானும் அதன்படி ஒழுக முனைவான். இப்பயன் மூத்தோர்க்கும் உரியது.

கற்றோர் அரியராய் இருந்த தெருவில் இன்று கற்ற அண்ணனும் அக்காவும் உளர். இக்கால் நூற்றாண்டில் நாம் ஈட்டிய பெருஞ்செல்வம் அவர்களே. அச்செல்வத்தைத் தம்பி தங்கையர்க்குப் பயன்படச் செய்வதே இனிவரும் ஆண்டுகளில் நம் கடமையாகும்.