வேட்டியும் கில்ட்டும்

திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடையே, கத்திரி வெயிலில் வயலில் நிற்கும் உழவரைப் பாருங்கள். முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய வேட்டி. தலையில் ஒரு துண்டு. ஏழைமையின் அடையாளம் என்று இதனை எண்ணிவிடலாகாது. பருத்தி வியர்வையை உறிஞ்சும். கீழிருந்து புகும் காற்று அதனை உலர்த்தி உடலைக் குளிர்விக்கும். சேற்றில் இறங்கினால் மடித்துக் கட்டலாம். அவைக்குச் சென்றால் தழைய விடலாம். மார்கழிப் பனியில் நான்கு முழத்தை விடுத்து, எட்டு முழத்தை இரட்டையாக உடுத்தலாம். தைக்காத துணிக்கே இவ்வசதி உண்டு.

இனி, குளிர்நாடு ஒன்றைக் காண்போம். ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் மழையும் வாடையும் மிகுதி. அங்கு வாழ்ந்தோர் 16-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே நீண்ட கம்பளித் துணியைக் கொசுவி இடையில் சுற்றி, வாரால் இறுக்கி, எஞ்சியதைத் தோளில் போர்த்தினர். கம்பளி நனைந்தபோதும் ஓரளவு வெப்பம் காக்கும். மடிப்புகளில் தங்கும் காற்று குளிரைத் தடுக்கும். கால் திறந்திருப்பதால் ஓடையையும் சதுப்பையும் கடத்தல் எளிது. இரவில் வாரை அவிழ்த்தால் அதுவே போர்வை! 18-ஆம் நூற்றாண்டில் மேற்பகுதி நீங்கி, இடைக்குக் கீழுள்ளது மட்டும் தனியுடையாயிற்று. அதுவே கில்ட். பருத்தி வேறு, கம்பளி வேறு. இரண்டையும் தேர்ந்த அறிவு ஒன்றே.

ஆயினும், இவ்விரண்டும் இழிவைச் சந்தித்தன. 1745-இல் மலைநாட்டார் பலர் பிரிட்டிஷ் அரசை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி ஒடுங்கியபின், 1746-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்தம் உடையையே தடை செய்தது. முதற் குற்றத்திற்கு 6 மாதச் சிறை; மீண்டும் அணிந்தால் 7 ஆண்டு நாடு கடத்தல். அரசின் படையிற் சேர்ந்தோர்க்கு மட்டும் விலக்கு. 1782-இல்தான் அச்சட்டம் நீங்கிற்று.

நம் நாட்டு நிலை என்ன? 2014 ஜூலையில், சென்னைச் சேப்பாக்கத்தில் கிரிக்கெட் சங்கத்தின் மன்றத்தில் ஒரு நூல் வெளியீட்டு விழா நடந்தது. வேட்டி உடுத்திச் சென்ற உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் வாயிலில் தடுக்கப்பட்டார். விடுதலை பெற்று 67 ஆண்டுகள் நிறைவுறவிருந்த வேளை அது! அவ்வாண்டிலேயே தமிழக அரசு சட்டம் இயற்றி அத்தடையை நீக்கியது. மீறுவோர்க்கு ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

ஸ்காட்லாந்தில் உடையைத் தடுக்க ஒரு சட்டம். இங்கோ உடையைக் காக்க ஒரு சட்டம். ஓர் உடை நாகரிகமானதா என்று வினவுமுன், அஃது எந்த வெயிலுக்கும் எந்தக் குளிருக்கும் பிறந்தது என்று வினவுங்கள். விடை அந்த மண்ணிலேயே கிடைக்கும்.