சொல் இல்லாத உறவு



தீபா மேத்தா இயக்கிய 'ஃபயர்' திரைப்படம் 1996இல் வெளிவந்தது. டில்லிக் குடும்பமொன்றின் ஓரகத்தியரான ராதாவும் சீதாவும் ஒருவரையொருவர் நேசிப்பதே கதை. ஷபானா ஆஸ்மியும் நந்திதா தாஸும் நடித்தனர். தங்கள் உறவைக் குறிக்க நம் மொழியில் சொல்லே இல்லை என்று சீதா கூறும் காட்சி, மொழியாசிரியனாகிய என்னை இன்றும் உறுத்துகிறது.

1998 நவம்பரில் படம் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. டிசம்பரில் சிவசேனையினர் மும்பையிலும் டில்லியிலும் திரையரங்குகளைத் தாக்கினர். இது நம் பண்பாடன்று என்றனர். டில்லி ரீகல் திரையரங்கின் முன் மெழுகுவத்தி ஏந்தித் திரண்டோரிடையே, தாம் இந்தியர், தன்பாலீர்ப்புடைய பெண் என அறிவிக்கும் பதாகை உயர்ந்தது. திரையில் தம்மைக் கண்டவர்கள் தெருவில் தம்மைச் சொல்லிக்கொண்டனர். தணிக்கைக் குழுவின் மறுபரிசீலனைக்குப் பின், 1999இல் படம் வெட்டின்றித் திரும்பியது.

2022இல் தமிழ்நாட்டு அரசு, சென்னை உயர் நீதிமன்ற வழக்கொன்றையடுத்து, இத்தகையோரை மதிப்புடன் குறிக்கும் சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. ஆகவே சொல் இன்று உண்டு. மாணவி ஒருத்தி இதுபற்றி வினவியபோது நான் பேச்சை மாற்றியதுண்டு. அவள் தன்னைப் பற்றியே வினவியிருக்கலாம். இனி மாற்றேன்.