போனோரும் ஆக்கப்பட்டோரும்

சொற்பொருள் வேறுபாடு இலக்கண ஆசிரியரின் அக்கறைக்கு மட்டும் உரியதன்று. சிலவேளைகளில் ஒரு சமூகத்தின் நீதிக் கோரிக்கையே அதில் தங்கி நிற்கும். வன்னிப் பெருநிலப்பரப்பின் அண்மைக்கால வரலாறு இதற்குச் சான்றாகும்.

ஆங்கிலத்தில் 'மிசிங்', 'டிசப்பியர்ட்' என்னும் இரு சொற்களும் ஒருபொருட் சொற்கள் போலத் தோன்றுவன. முன்னையது, ஒருவர் இருக்குமிடம் தெரியாத நிலையைக் குறிக்கும், காரணத்தைக் கூறாது. பின்னையதும் தொடக்கத்தில் மறைந்துபோதல் என்னும் தன்வினைப் பொருளையே தந்தது. 1970களில் ஆர்ஜென்ரீனா, சிலி ஆகிய நாடுகளில் இராணுவ ஆட்சியினர் பிடித்துச்சென்று மறைத்தோரை ஸ்பானிய மொழியிற் குறித்த சொல்லின் செல்வாக்கால், பிறரால் மறைக்கப்பட்டோர் என்னும் பொருளும் அதற்கு உண்டாயிற்று. 2006இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற சமவாயம் அப்பொருளை வரையறை செய்தது. அரச முகவர்களோ அரசின் இசைவுடன் செயற்படுவோரோ ஒருவரைப் பிடித்துச்செல்லுதலும், பின்னர் அதனை மறுத்தலும் அல்லது அவர் கதியை மறைத்தலும் அதன் கூறுகளாம்.

தமிழில் இவை முறையே 'காணாமற்போனோர்', 'வலிந்து காணாமலாக்கப்பட்டோர்' என வழங்குகின்றன. முன்னையதில் வினைமுதல் போனவரே. பின்னையது செயப்பாட்டுவினை, ஆதலின் 'எவரால்?' என்னும் வினா அதனுள்ளேயே அடங்கியுள்ளது.

இலங்கை 2016 மே மாதத்தில் அச்சமவாயத்தை ஏற்புறுதி செய்தது. ஆயினும், அவ்வாண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் தோற்றுவித்த அலுவலகத்தின் பெயரில் இடம்பெற்றது 'காணாமற்போன ஆட்கள்' என்னும் தொடரே. அச்சட்டத்தின் வரைவிலக்கணம் விரிவானது. வலிந்து காணாமலாக்கப்பட்டோருடன், போர்க்களத்திற் காணாமற்போன படையினரும் அதில் அடங்குவர். இவ்விரிவு வேண்டற்பாலதே. 2009இன் இறுதிப்போரில் எறிகணைக்கு இரையாகி, கண்ட சாட்சியின்றி மறைந்தோரை 'ஆக்கப்பட்டோர்' எனல் பொருந்தாது.

ஆனால், 2017 பெப்ரவரி 20ஆந் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலிலும், பின்னர் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் தொடர் போராட்டத்தில் அமர்ந்த தாய்மாருட் பலர், போர் முடிவில் தம் பிள்ளைகளைப் படையினரிடம் தாமே கையளித்ததாகக் கூறுகின்றனர். கையளிக்கப்பட்டவர் தாமாகவே 'போனார்' எனல் எவ்வாறு பொருந்தும்? அவர்கள் 'போனோர்' என்னும் சொல்லை மறுத்தமைக்குக் காரணம் இதுவே.

பொதுச்சொல் எல்லோரையும் தேடுதற்கு உதவும். சிறப்புச்சொல் பொறுப்புடையாரை வினவுதற்கு உதவும். இரண்டும் வேண்டும், ஒன்றால் மற்றதை மறைத்தலே வழு. வன்னியின் வரலாற்றை எழுதப் புகுவோர், ஒவ்வொருவர் பெயருக்கும் உரிய சொல் எதுவெனச் சான்று நோக்கித் துணிதல் கடனாகும்.